வெப்சைட்டை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி?

போனில் எடுத்த போட்டோ தானாகவே கூகுளுக்குப் போய்ச் சேருகிறது. அதை "கிளவுடில் இருக்கிறது" என்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு கம்பெனியின் வெப்சைட்டையே கிளவுடுக்கு மாற்றுகிறார்கள் என்றால் என்ன நடக்கிறது? எதை எங்கிருந்து எங்கே தூக்கி வைக்கிறார்கள்? நாளைக்கே உங்கள் கடைக்கோ கம்பெனிக்கோ ஒரு வெப்சைட் வைத்தால் இது உங்களுக்கும் உதவும்.

நான் அவிநாசியில் இருந்துகொண்டு சிறிய வெப்சைட்டுகளைப் பராமரிக்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகள். கூடவே சில கல்யாண மண்டபங்கள், இரண்டு பள்ளிகள். இவை எல்லாம் பல வருடங்களாக அமெரிக்காவில் இருந்த ஒரே ஒரு டெடிகேட்டட் சர்வரில் இருந்தன. 2024ல் அவற்றை ஒவ்வொன்றாகக் கிளவுடுக்கு மாற்றினேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சர்வர் என்பது மாயப் பெட்டி அல்ல

உங்கள் மேசையில் இருப்பதைப் போன்ற ஒரு கம்ப்யூட்டர்தான் சர்வர். அதிலும் புராசசர், ராம், ஹார்ட்டிஸ்க் எல்லாம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும் இருக்காது, 24 மணி நேரமும் அணைக்காமல் ஓடும், இன்டர்நெட்டோடு வேகமான இணைப்பு இருக்கும். வெப்சைட் என்பது அந்த ஹார்ட்டிஸ்கில் உள்ள பைல்கள். யாராவது உங்கள் முகவரியை பிரவுசரில் டைப் செய்தால் அந்த பைல்கள் அங்கிருந்து அவருடைய கம்ப்யூட்டருக்கு வருகின்றன. அவ்வளவுதான்.

டெடிகேட்டட் சர்வர் என்றால் அப்படிப்பட்ட ஒரு முழு மெஷினை மாத வாடகைக்கு எடுப்பது. அதில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை ஒன்றுதான்.

கிளவுடில் மெஷின் உங்களுடையது அல்ல. பெரிய கட்டடம் நிறைய சர்வர்கள் இருக்கும். சாப்ட்வேர் மூலம் ஒவ்வொரு சர்வரையும் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டு ஒன்றைத் தருவார்கள். அதற்கு வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஓடிய நேரத்துக்கும், பிடித்த இடத்துக்கும், வெளியே அனுப்பிய டேட்டாவுக்கும் பணம்.

திருப்பூர், அவிநாசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. சொந்தமாக நிட்டிங் மெஷினை லீசுக்கு எடுத்துப் போட்டால் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத் தவணை உண்டு. நூலைக் கொடுத்து ஜாப் ஒர்க்கில் ஓட்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் போகலாம். டெடிகேட்டட் சர்வர் முதல் வகை. கிளவுட் இரண்டாவது வகை. ஜாப் ஒர்க்கில் கணக்கு பார்க்காமல் விட்டால் பில் எப்படி ஏறும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். கிளவுடிலும் அதே கதைதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அமேசான் நிறுவனம் 2006ல் இந்த முறையில் சர்வரை வாடகைக்குத் தர ஆரம்பித்தது. நம் நாட்டுக்கு வர நாளாயிற்று. மைக்ரோசாப்ட் 2015ல் புனே, சென்னை, மும்பையில் தன் கிளவுட் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016ல் மும்பையிலும் 2022ல் ஹைதராபாத்திலும் திறந்தது. கூகுள் 2017ல் மும்பைக்கு வந்தது. 2015க்கு முன் இந்தியாவுக்குள் இந்த மூன்று பெரிய கம்பெனிகளின் கிளவுட் வேண்டும் என்றால் வழியில்லை, வெளிநாட்டு மையங்களுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் கம்பெனி முதலாளி ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நம்ம சைட்டு இப்ப மேகத்துலயா இருக்குது?"

"இல்லீங்கண்ணா, மும்பையில ஒரு கட்டடத்துல இருக்குதுங்க" என்றேன். அதுதான் உண்மை.

ஏன் மாற்ற வேண்டும்?

நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் சர்வரில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் சென்ட்ஓஎஸ் 7. இது லினக்ஸ் வகை. 2024 ஜூன் 30 அன்று அதற்கான ஆதரவு முடிந்தது. அதாவது பாதுகாப்புக் குறை கண்டுபிடித்தாலும் இனி அதற்குத் தைக்க ஒட்டு வராது. விண்டோஸ் 7க்கு 2020லும் விண்டோஸ் 10க்கு 2025லும் நடந்தது போலத்தான். ஹார்ட்டிஸ்கும் பழையது. எப்படியும் புது மெஷினுக்குப் போக வேண்டும் எனும்போது, கிளவுடைப் பார்த்தோம்.

இன்னொரு காரணம் தூரம். இதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஎம்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு ஏதாவது ஒரு வெப்சைட் முகவரியைக் கொடுங்கள். பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று நான்கு முறை காட்டும். சில வெப்சைட்டுகள் பிங்குக்குப் பதில் தராது, அப்போது வேறொன்றைச் சோதியுங்கள். அவிநாசியிலிருந்து எங்கள் அமெரிக்க சர்வருக்கு 200 மில்லிசெகண்டைத் தாண்டியது. மும்பைக்கு 50க்குள் வருகிறது. ஒரு பக்கத்தைத் திறக்க இந்தப் போக்குவரத்து பலமுறை நடக்கும் என்பதால், கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் மும்பைக்குக் கொண்டுவந்து விடவும் கூடாது. மண்டபத்தின் வெப்சைட்டைப் பார்ப்பவர்கள் கோவை, ஈரோடு, திருப்பூர்காரர்கள். அதற்கு மும்பை சரி. ஏற்றுமதி கம்பெனியின் வெப்சைட்டைப் பார்ப்பவரோ ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையர். அவருக்கு மும்பைதான் தூரம்! அப்படிப்பட்ட இரண்டு வெப்சைட்டுகளை ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வைத்தோம். சர்வரைக் கம்பெனி முதலாளிக்குப் பக்கத்தில் வைப்பதைவிட வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் வைப்பதுதான் நல்லது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பக்கம், முப்பது போட்டோ உள்ள ஒரு கடையின் வெப்சைட்டுக்கு டெடிகேட்டட் சர்வரும் வேண்டாம், கிளவுடும் வேண்டாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். விற்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மாற்றும் வேலையில் மிகச் சிக்கலான பகுதி சர்வரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. வெப்சைட்டின் பெயரை, அதாவது டொமைனை, வருடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் அந்தப் பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று மாற்ற முடியும்.

ஒரு பனியன் கம்பெனி. பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரே டொமைன். விசிட்டிங் கார்டு, இன்வாய்ஸ், அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் அந்தப் பெயர். பையர்கள் சாம்பிள் அப்ரூவல் அனுப்புவதும் அந்த முகவரி மெயிலுக்கே. மாற்றலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, டொமைனை முதல் முதலில் வெப்சைட் செய்து கொடுத்த டிசைனர் தன் பெயரிலும் தன் மெயில் முகவரியிலும் பதிவு செய்திருக்கிறார். வருடா வருடம் அவரே கட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தொழிலை விட்டு நாளாகிவிட்டது. பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. டொமைன் காலாவதியாக ஏழு வாரம் இருந்தது. புதுப்பிக்காமல் விட்டால், சலுகைக் காலம் முடிந்த பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவருக்குக் கம்பெனியின் மெயில்களும் போகும்.

முதலாளி இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரு நம்முளுது, பத்திரம் அடுத்தவன் பேர்ல இருக்குதுங்களா?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அக்கம் பக்கம் விசாரித்து ஈரோட்டில் அவரைப் பிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. நல்ல மனிதர், அன்று மாலையே அக்கவுண்டைத் திறந்து கம்பெனியின் பெயருக்கும் மெயிலுக்கும் மாற்றிக் கொடுத்தார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம். டாட் காம் டொமைனில் உரிமையாளர் பெயரை மாற்றினால், அதன் பிறகு 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாமல் பூட்டு விழலாம். திருட்டைத் தடுக்க அந்த விதி. ஆனால் வெப்சைட்டை மாற்றப் பதிவு நிறுவனத்தை மாற்ற வேண்டியதே இல்லை. டொமைன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது காட்டும் சர்வரின் எண்ணை மாற்றினால் போதும். எனவே 60 நாள் பூட்டு எங்களைத் தடுக்கவில்லை.

உங்களுக்கு ஏற்கெனவே வெப்சைட் இருந்தால் இன்றே அதைச் செய்து கொடுத்தவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்த மெயில் முகவரியில், எந்தத் தேதியில் காலாவதி. ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் டாட் காம் பெயரைக் கொடுத்தால் பதிவு நிறுவனமும் காலாவதித் தேதியும் தெரியும். உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள். அதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

பைல்களை நகல் எடுத்தல்

ஒரு வெப்சைட்டில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று பைல்கள்: பக்கங்கள், போட்டோக்கள், பிஎச்பி புரோகிராம்கள். மற்றொன்று டேட்டாபேஸ்: ஆர்டர், விலைப்பட்டியல், செய்திகள் போன்றவை. பைல்களை அப்படியே நகல் எடுக்கலாம். டேட்டாபேஸை அதற்குரிய கட்டளையில் ஒரே பைலாக இறக்கி, புது சர்வரில் ஏற்ற வேண்டும். சொல்லும்போது எளிது. வம்பு வரும் இடங்களைச் சொல்கிறேன்.

பழைய சர்வர் விண்டோஸ், புதியது லினக்ஸ் என்றால் பைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் வரும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு அவை வேறு வேறு பைல்கள். பாதிப் போட்டோ காணாமல் போனது போல் தெரியும். எங்களுடையது லினக்ஸ் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பிஎச்பியின் பழைய பதிப்பில் எழுதியவை புதியதில் ஓடாது. டேட்டாபேஸோடு பேசப் பழைய புரோகிராம்கள் பயன்படுத்திய சில கட்டளைகளை பிஎச்பி 7ல், அதாவது 2015ல், நீக்கிவிட்டார்கள். அப்படி நான்கு வெப்சைட்டுகள் இருந்தன. அவற்றைத் திருத்தி எழுதியதில்தான் அதிக நாள் போனது.

அடுத்தது தமிழ். இது ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர்களுக்கு வராத தொல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் வெப்சைட்டில் ஆண்டு விழாச் செய்திகள் தமிழில் இருந்தன. டேட்டாபேஸை புது சர்வரில் ஏற்றியதும் தமிழ் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள்! காரணம், பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துகளை லத்தீன் முறையில் வைத்துக்கொள்ளும். 2018ல் வந்த 8ஆம் பதிப்பில்தான் உலக மொழிகள் அனைத்தையும் ஏற்கும் யுனிகோட் முறை இயல்பானதாக ஆனது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் எந்த முறை என்று ஒரே மாதிரி சொல்லாவிட்டால் எழுத்து கெடும். கேள்விக்குறியாக மாறிய பின் அதைத் திருப்பவே முடியாது. மூல டேட்டாபேஸிலிருந்து மறுபடி இறக்க வேண்டும். பழைய சர்வரை உடனே ரத்து செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

இன்னும் பழைய பக்கங்கள் சில யுனிகோடே இல்லாமல் டிஸ்கி போன்ற அந்தக் கால எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010ல். அதற்கு முன் ஆளுக்கு ஒரு முறை. புது சர்வர் எல்லாப் பக்கங்களையும் "இது யுனிகோட்" என்று சொல்லி அனுப்பினால், பிரவுசர் அதைத்தான் நம்பும், பக்கத்துக்குள் எழுதியிருப்பதைப் பார்க்காது. அந்தப் பக்கங்களை ஒரு கன்வர்ட்டர் மூலம் யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றினோம்.

யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்க்க

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஒரு வசதி இங்கே கை கொடுக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்ற அமைப்பு. போன் டைரக்டரி மாதிரி. ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் அதைக் கேட்பதற்கு முன் தன்னிடம் உள்ள ஹோஸ்ட்ஸ் என்ற சிறிய பைலைப் பார்க்கும். சி டிரைவில் விண்டோஸ் போல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அங்கே இருக்கிறது. நோட்பேட் ஐகானில் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் இதில் சேமிக்க முடியும்.

அதன் கடைசியில் புது சர்வரின் எண், ஓர் இடைவெளி, வெப்சைட் பெயர் என்று ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள். எண் 203.0.113.10 என்பது போல நான்கு பகுதியாக இருக்கும். இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் புது சர்வரின் வெப்சைட் திறக்கும். மற்ற எல்லோருக்கும் பழையதே தெரியும். ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

இப்படிச் சோதித்தபோதுதான் ஒரு விஷயம் சிக்கியது. வெப்சைட்டில் "எங்களைத் தொடர்பு கொள்ள" படிவம் இருக்கிறது. பெயர், விசாரணை எழுதி அனுப்பினால் கம்பெனிக்கு மெயில் போக வேண்டும். "நன்றி, அனுப்பப்பட்டது" என்று திரையில் வந்தது. மெயில் வரவே இல்லை! ஸ்பாம் தொல்லையைத் தடுக்க, பெரிய கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25ஆம் எண் போர்ட்டை அடைத்தே தருகின்றன. மாற்றியவர் பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால், வெளிநாட்டு விசாரணை எதுவும் வராமல் மாதக்கணக்கில் போய்விடும், "சீசன் டல்" என்று நினைத்துக்கொள்வார்கள். படிவத்தை ஒரு மெயில் சேவை வழியாக 587ஆம் போர்ட்டில் அனுப்பும்படி மாற்றினோம்.

கம்பெனி மெயிலையும் இதே சமயத்தில் சர்வரிலிருந்து பிரித்து, தனி மெயில் சேவைக்குக் கொண்டுபோனோம். என் கருத்தில் மெயிலும் வெப்சைட்டும் ஒரே மெஷினில் இருக்கவே கூடாது.

மாற்றும் நாள்

டிஎன்எஸ் பதிவு ஒவ்வொன்றுக்கும் டிடிஎல் என்று ஒரு நேரம் உண்டு, செகண்ட் கணக்கில். 86400 என்றிருந்தால் ஒரு நாள். அதாவது ஒருமுறை எண்ணைக் கேட்டவர்கள் ஒரு நாள் வரை மறுபடி கேட்காமல் பழைய எண்ணையே வைத்துக்கொள்வார்கள். ஆகவே மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300க்கு, அதாவது ஐந்து நிமிடத்துக்குக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நாளில் குறைத்துப் பயன் இல்லை.

இரவு 11 மணிக்கு மேல் ஆரம்பித்தோம். பழைய வெப்சைட்டில் "ஒரு மணி நேரம் பராமரிப்பு" என்று போட்டு, புது ஆர்டர் விழாமல் நிறுத்தி, கடைசி முறையாக டேட்டாபேஸை நகல் எடுத்து, பிறகு எண்ணை மாற்றினோம். எண்ணை மட்டும்தான். மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவைத் தொடவில்லை. சிலர் நேம்சர்வரையே மொத்தமாக மாற்றுவார்கள். அப்போது புது இடத்தில் எம்எக்ஸ் பதிவை மறுபடி எழுதாவிட்டால் மெயில் நின்றுவிடும். பாதுகாப்புச் சான்றிதழையும் பழைய சர்வரிலிருந்து நகல் எடுத்து வைத்திருந்ததால் பிரவுசரில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

பில்

முதல் மாதம் தினமும் பில் பக்கத்தைப் பாருங்கள். சர்வருக்குச் சொல்லும் விலை மட்டும் விலை அல்ல. அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி எண்ணுக்கே மணிக்கு 0.005 டாலர். மாதம் 720 மணி நேரத்துக்கு 3.60 டாலர் ஆகிறது. சர்வரை நிறுத்தி வைத்தாலும் அதன் டிஸ்குக்குக் கட்டணம் ஓடும். சோதனைக்காக உருவாக்கி அழிக்க மறந்ததற்கும் ஓடும். இவற்றோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவ்வளவு தொகையைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று பட்ஜெட் எச்சரிக்கை வைக்க பெரிய கிளவுட் நிறுவனங்களில் வசதி உண்டு. சர்வரை உருவாக்கும் முன் அதைச் செய்யுங்கள்.

கிளவுட் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல. பேஸ்கேம்ப் சாப்ட்வேரை நடத்தும் அமெரிக்க நிறுவனமான 37சிக்னல்ஸ், செலவு அதிகம் என்று சொல்லி 2022ல் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்து, 2023ல் சொந்த சர்வர்களுக்கே திரும்பியது. நாள் முழுக்க ஒரே சீராக வேலை இருப்பவர்களுக்குச் சொந்த மெஷினே லாபம். மண்டபங்களுக்கு அப்படி இல்லை. முகூர்த்த மாதங்களில் கூட்டம், ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டம். அவற்றுக்கு சர்வரைப் பெரிதாக்கிச் சிறிதாக்க முடிவது நல்ல பயன்.

கிளவுட் என்றால் பேக்கப் அல்ல

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதும் எரிந்தது. லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் நின்றன. பேக்கப் வைத்திருந்த சிலருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்தது. ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த விவரங்கள் திரும்பி வரவே இல்லை.

2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா மையத்தில் டிஎன்எஸ் கோளாறு ஏற்பட்டு, உலகம் முழுதும் பல பெரிய சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. இதில் டேட்டா அழியவில்லை, ஆனால் காத்திருப்பதைத் தவிர வாடிக்கையாளர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் மும்பையில் உள்ள எங்கள் வெப்சைட்டுகளின் நகல் தினமும் வேறொரு நிறுவனத்தின் வேறொரு ஊர் மையத்துக்குப் போகிறது. வாரம் ஒருமுறை அவிநாசியில் என் மேசையில் உள்ள ஹார்ட்டிஸ்குக்கும் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு வெப்சைட்டை என் கம்ப்யூட்டரில் எழுப்பிப் பார்ப்பேன். திறக்கிறதா என்று பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய சர்வரை மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தோம். அதன் லாக் பைலில் யார் யார் இன்னும் அங்கே வருகிறார்கள் என்று தெரியும். முதல் இரண்டு நாளில் சிலர், பிறகு தேடுபொறிகளின் ரோபோக்கள் மட்டும், கடைசியில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு டிஸ்கில் இருந்த அத்தனையையும், வாடிக்கையாளர் விவரம் மீட்டெடுக்க முடியாதபடி மேலே எழுதி அழித்துவிட்டு, வாடகையை ரத்து செய்யக் கடிதம் அனுப்பினோம்.